டபடப படகுக்கு மறுபடி உயிர் கொடுக்க: டெல்டாவில் சாமான் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

திருவிழாக் கடையில் வாங்கி, விளக்கேற்றி அண்டாவில் விட்டால் டபடபவென்று சுற்றி வந்த தகரப் படகு உங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கலாம். இறக்கித் துடைத்து விளக்கை வைத்தால் பின்பக்கம் இரண்டு குமிழி விடும், அப்புறம் சும்மா நிற்கும். அல்லது ஓடும், சத்தம் வராது. இரண்டுமே சரிசெய்யக்கூடியவைதான். கஷ்டமெல்லாம் சாமான் கிடைப்பதில். இதற்கென்று உதிரிபாகம் விற்கும் கடை கிடையாது. எல்லாமே வேறு தொழிலுக்காக விற்கிற பொருள்கள், அதனால் அந்தத் தொழில்காரர் சொல்லும் பெயரில் கேட்டால்தான் கைக்கு வரும்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படகின் சத்தம் முழுக்க பாய்லரின் (விளக்குக்கு மேலே இருக்கும், தண்ணீர் கொதிக்கிற சின்னப் பெட்டி; பின்பக்க இரண்டு குழாயும் இதில்தான் சேரும்) மேல்தகட்டில் இருக்கிறது. ஆவி உள்ளே பொங்கும்போது தகடு உப்பும், குழாயில் ஆவி குளிர்ந்து தண்ணீராகும்போது உள்ளிழுக்கும். அந்த உப்பலும் உள்வாங்கலும்தான் டப், டப். மற்ற எதில் வேண்டுமானாலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், மேல்தகட்டில் மட்டும் கூடாது.

1. கடைக்குப் போகுமுன் சோதியுங்கள்

மருந்துக்கடையில் 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி ஊசியைக் கழற்றிவிடுங்கள். சைக்கிள் கடையில் வால்வ் ட்யூப் அரையடி வாங்கி, ஒரு துண்டைச் சிரிஞ்ச் மூக்கில் மாட்டுங்கள். அதன் மறுமுனை படகின் பின்குழாயில் கச்சிதமாக ஏறும்.

ஒரு குழாயில் தண்ணீரை மெதுவாகச் செலுத்தினால் அடுத்த குழாய் வழியாக வர வேண்டும். வராவிட்டால் அடைப்பு. பெரும்பாலும் உப்புப் படிவாகத்தான் இருக்கும். மளிகைக் கடை எலுமிச்சை உப்பு ஒரு தேக்கரண்டியை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து உள்ளே ஏற்றி, இருபது நிமிடம் வைத்து வெளியேற்றுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. கழிவறை கழுவும் ஆசிட் பக்கமே போகாதீர்கள். அது படிவோடு சேர்த்துத் தகரத்தையும் தின்றுவிடும்.

அடுத்து, ஒரு குழாயை விரலால் அடைத்துக்கொண்டு படகைத் தண்ணீருக்குள் அமுக்கி, இன்னொன்றில் சிரிஞ்சால் காற்றை அழுத்துங்கள். குமிழி வரும் இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் வந்தால் பற்று (தகடுகளை ஒட்டவைக்க உருக்கி வைத்த ஈயம்) கழன்றிருக்கிறது. தகட்டின் நடுவில் வந்தால் தகடு ஓட்டை.

கடைசியாக, மேல்தகட்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். ‘டக்’ என்று உள்ளே போய் விரலை எடுத்ததும் திரும்ப வர வேண்டும். அமுங்கியபடியே இருந்தாலோ மரக்கட்டை மாதிரி அசையாமல் இருந்தாலோ தகடு மாற்றத்தான் வேண்டும். அடைப்பு மட்டும்தான் என்றால் இதற்கு மேல் எதையும் வாங்க வேண்டாம்.

2. எந்த மாதத்தில் அலைவது

நேரம் தப்பினால் ஒரு நாள் வேலை மூன்று வாரம் இழுக்கும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாள்களில் கும்பகோணம் பாத்திரக் கடைகளிலும் ஈயம் பூசுகிறவர்களிடமும் உங்கள் இருபது கிராம் சமாச்சாரத்தைக் காதில் வாங்க ஆள் இருக்காது. சீர்ப் பாத்திரம் வாங்க வந்த கூட்டம் நிற்கும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் அப்படித்தான். ஆடியும் மார்கழியும் நல்லது. கல்யாணம் கிடையாது, பட்டறையில் கை ஓய்வாக இருக்கும், நின்று பேசுவார்கள்.

பதினெட்டாம் பெருக்குக்குப் பிள்ளைகள் கையில் கொடுக்க நினைத்தால் ஆனி கடைசி வாரத்திலேயே தொடங்குங்கள். சாமான் சேர்க்க ஒரு வாரம், பற்றவைக்க ஒரு நாள், ஒழுகல் பார்த்துத் திருத்த இரண்டு மூன்று நாள். சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும்போது படகையும் கொண்டுபோகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். மேட்டூர் திறந்து ஆறும் வாய்க்காலும் நிறைந்து ஓடும் காலம் அது. இந்தப் படகு அண்டாவுக்கும் தொட்டிக்கும் உரியது, ஓடுகிற தண்ணீரில் அணைந்துவிடும். அதை எடுக்க இறங்குகிற பிள்ளையைப் பற்றித்தான் கவலை.

முழுப் படகே பழையதாகக் கிடைக்குமா என்று தேடுகிறவர்கள் காயலாங்கடைகளைச் சுற்றலாம். வேளாங்கண்ணித் திருவிழா (ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை), ஐப்பசி கடைசியில் மயிலாடுதுறைக் கடைமுகம், திருவாரூர்த் தேர் ஆகிய நாள்களில் போடும் பொம்மைக் கடைகளையும் பாருங்கள். அங்கே கிடைப்பது புதுசாக இருந்தாலும் விளக்குத் தொட்டி, குழாய் எல்லாம் உதிரிக்கு உதவும்.

3. மேல்தகடு: இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்

தேவை 0.05 மி.மீ. கனமுள்ள பித்தளைத் தகடு. பாத்திரக் கடையில் ‘மெல்லிசா ஒரு பித்தளைத் தகடு’ என்று கேட்டால் தட்டும் டம்ளரும் அடிக்கிற கனத்தில் எடுத்துப் போடுவார்கள். அது இதைவிடப் பல மடங்கு தடி. பாய்லரில் வைத்தால் படகு ஓடும், சத்தம் மட்டும் வராது.

கேட்க வேண்டிய இடம் லேத் பட்டறை, பேரிங் கடை, மோட்டார் ஸ்பேர்ஸ் கடை. கேட்க வேண்டிய சொல் ‘ஷிம்’. இயந்திர பாகங்களுக்கு நடுவே இடைவெளி சரிசெய்யச் சொருகும் தகடு அது. கனத்தை மில்லிமீட்டரில் சொல்வதைவிட ‘தௌ’வில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொன்னால் உடனே புரியும். 0.05 மி.மீ. என்பது இரண்டு தௌ. “அண்ணே, ரெண்டு தௌ பித்தளை ஷிம் ஒரு அடி வெட்டித் தருவீங்களா?” என்று கேளுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் லேத் பட்டறைகளில் துண்டு கிடந்தால் சும்மாகூடக் கொடுப்பார்கள். முழுச் சுருளாக வேண்டுமானால் திருச்சிதான். திருவெறும்பூர் பெல் ஆலையையும் அதைச் சுற்றிய பட்டறைகளையும் நம்பி நடக்கும் கருவிக் கடைகள் அங்கே உண்டு. பாய்லர் செய்கிற ஊரில் நம் பாய்லருக்கும் தகடு கிடைப்பது நியாயம்தானே.

ஷிம் சுருள் பெரும்பாலும் ஆறு அங்குல அகலத்தில் வரும். ஒரு அடி நீளத்தில் ஏழரை சென்டிமீட்டர் சதுரமாக எட்டுத் துண்டு தேறும். ஒரு படகுக்கு ஒன்று போதும், ஆனால் முதல் இரண்டைக் கெடுப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

கடைக்காரர் இரண்டு தௌ என்று கொடுப்பது நான்காகவும் இருக்கும். கண்ணால் பிரித்தறிய முடியாது. மைக்ரோமீட்டர் இல்லையென்றால் எடை போடுங்கள். ஆறு அங்குல அகலம், ஒரு அடி நீளம், 0.05 மி.மீ. கனமுள்ள பித்தளை ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். 40 கிராம் காட்டினால் அது 0.1 மி.மீ. தெரிந்த நகைக்கடைத் தராசில் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை.

பாய்லர் நான்கு சென்டிமீட்டருக்குள் இருந்தால் 0.05தான். ஐந்து, ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய படகுக்கு 0.08 அல்லது 0.1 ஒத்துவரும்.

இதற்குப் பதில் அது என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். செம்புத் தகடு வேண்டாம். தஞ்சாவூர்க் கலைத்தட்டு செய்யும் பட்டறையில் அழகான மெல்லிய செம்புத் தகடு கண்ணில் படும், கை அரிக்கும். உருவம் பதியவேண்டும் என்பதற்காகவே இளக்கிய தகடு அது. அமுக்கினால் அமுங்கியபடியே கிடக்கும், துள்ளாது. ஸ்டீல் ஷிம் துள்ளும், ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் சாதா பற்றில் ஒட்டாது, சாதா ஸ்டீலாக இருந்தால் துருப் பிடிக்கும். குளிர்பான கேன் அலுமினியமும் பற்று ஏற்காது, எபாக்சி பசை போட்டுத்தான் ஒட்ட வேண்டும். புதுசாக விளையாட்டுக்குச் செய்கிறவர்களுக்கு அது சரி. பழைய படகில் அந்தப் பசையைப் பூசினால் பின்னால் யாரும் பிரித்துச் சரிசெய்ய முடியாது.

4. குழாய்

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் போகச் சொல்லி எல்லோரும் கைகாட்டுவார்கள். போகலாம், ஆனால் அங்கே ‘சின்ன செப்புக் குழாய்’ என்றால் கேப்பிலரி ட்யூப் வரும். அதன் உள்துளை ஒரு மில்லிமீட்டர்தான். தண்ணீர் போய்வர இடம் போதாது, படகு உறுமிவிட்டு நின்றுவிடும். உள்துளை இரண்டரை முதல் நான்கு மி.மீ. வரை வேண்டும். ‘பதினாறில் மூன்று அங்குலம்’ வெளிவிட்டமுள்ள செப்புக் குழாய் என்று கேளுங்கள். ஏசிக்குப் போடும் கால் அங்குலக் குழாய் சின்னப் படகுக்குப் பெரிது.

செலவில்லாத வழி பழைய ரேடியோவின் ஏரியல். காயலாங்கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பித்தளைக் குழாய்கள் அதில் இருக்கும், உங்கள் படகுக்கு ஏற்ற அளவைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு விஷயம் கவனியுங்கள். மேலே பளபளவென்று இருக்கும் குரோம் பூச்சில் பற்று ஒட்டாது, ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் மஞ்சள் தெரியத் தேய்க்க வேண்டும். இரண்டாவது, அப்படியே வளைத்தால் விரிசல் விட்டுவிடும். வளைக்கும் இடத்தை மட்டும் மங்கலான சிவப்பாகச் சுட்டு ஆறவிட்டு, உள்ளே நுண்மணல் நிரப்பி வளையுங்கள். (மேல்தகட்டுக்கு இதே சூட்டைக் காட்டினால் துள்ளல் போய்விடும். குழாய்க்கு நல்லது தகட்டுக்கு ஆகாது.)

குழாய் ஒவ்வொன்றும் 10 முதல் 15 சென்டிமீட்டர். பழைய குழாயின் நீளத்தை அளந்து அதையே வெட்டுவது உத்தமம்.

5. வெள்ளீயமா காரீயமா

எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 60/40 சால்டரிங் லீட் 190 டிகிரிக்குள் உருகும், புதியவர் கைக்குச் சுலபம். ஆனால் நாற்பது பங்கு காரீயம். பிள்ளைகள் கையாளும் சாமான் என்பதால் காரீயம் இல்லாததே நல்லது.

இதற்கு டெல்டாவில் ஒரு வசதி. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பூசுவது வெள்ளீயம். இருபது கிராம் கேட்டு வாங்குங்கள், ஒரு படகுக்குத் தாராளம். வெறுமனே ‘ஈயம்’ என்று கேட்காமல் ‘வெள்ளீயம்’ என்று சொல்லிக் கேட்பது முக்கியம். உடைந்த ஈயச்சொம்பு ஒன்றை மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள், கலப்பு இருந்தால் உங்களுக்குத் தெரியாது.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ரசம் உள்ள ஈயச்சொம்பு அடுப்பில் தாங்கும், வெறும் சொம்பை வைத்தால் உருகி வழியும் அல்லவா? படகின் பாய்லரும் அதே கதை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும், வற்றிய மறுநிமிடம் பற்று கழன்றுவிடும். பழைய படகுகள் பல செத்தது இதனால்தான்.

25 வாட் சால்டரிங் அயர்ன் பாய்லர் ஓரத்துக்குப் போதாது, 60 வாட் வேண்டும். பற்றுக்கு சால்டரிங் பேஸ்ட் போதும். தகரக்காரர் ஆசிட்டோ நவச்சாரமோ போட்டுச் செய்து கொடுத்தால், வந்தவுடன் வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுங்கள். மிச்சமிருக்கும் ஆசிட், இவ்வளவு மெல்லிய தகட்டில் பச்சை பூத்து ஓட்டை போட்டுவிடும்.

6. உடல்

படகின் உடல் துருவேறி ஓட்டையானால் எண்ணெய் டின் தகரம் போதும். காந்தம் ஒட்டினால் தகரம், ஒட்டாவிட்டால் அலுமினியம். உள்பக்க அரக்குப் பூச்சைச் சுரண்டிவிட்டுப் பற்றவையுங்கள். பழைய பெயின்டைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயின்டில் காரீயம் இருக்கலாம், ஈரம் வைத்துத் தேய்த்துக் கைகழுவுங்கள்.

7. விளக்கு

பூஜைச் சாமான் கடைப் பஞ்சுத்திரியும் நல்லெண்ணெயும் போதும். தேங்காய் எண்ணெயும் ஆகும், மார்கழிக் காலையில் மட்டும் உறைந்து கழுத்தறுக்கும். பிறந்தநாள் மெழுகுவர்த்தி இரண்டை ஒட்டி வைப்பதும் சரி. கற்பூரம் வைக்காதீர்கள். தீ உயரமாக எழும், கரி படியும், ஓரப் பற்று இளகும். மண்ணெண்ணெய், ஸ்பிரிட் பேச்சே வேண்டாம்.

8. பற்றவைக்கும் வரிசை

பிரிக்குமுன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாய்லர் எந்தச் சாய்வில் இருந்தது என்பது பிறகு மறந்துபோகும். குழாய்கள் பாய்லரின் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கிப் பின்பக்கம் சரிந்து இறங்க வேண்டும்.

பழைய தகட்டை அயர்னால் சுற்றிச் சூடாக்கி உரித்து எடுங்கள், கத்தியால் நெம்பினால் கீழ்த்தட்டு கோணும். புதுத் தகட்டைப் பாய்லரைவிட ஒவ்வொரு பக்கமும் மூன்று மி.மீ. பெரிதாக, சாதாக் கத்தரிக்கோலாலேயே வெட்டலாம். பழைய நோட்டு அட்டை மேல் அதை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஓரத்திலிருந்து ஐந்து மி.மீ. உள்ளே ஒரு வட்டம் மெதுவாக மூன்று நான்கு முறை கீறுங்கள். தகடு நடுவில் கொஞ்சம் புடைத்து நிற்கும். அழுத்திப் பாருங்கள், இப்போதே ‘டக்’ என்று கேட்க வேண்டும். கேட்காத தகட்டைப் பற்றவைக்காதீர்கள், உள்ளே போனபிறகு அது பேசப்போவதில்லை.

முதலில் குழாய்களைக் கீழ்த்தட்டில் பற்றவையுங்கள். தகடு கடைசியில்தான். குழாய்க்கு நிறையச் சூடு தேவை, தகட்டை முதலில் ஒட்டினால் குழாய்ச் சூட்டில் அது திறந்துகொள்ளும். கீழ்த்தட்டு ஓரத்திலும் தகட்டு ஓரத்திலும் தனித்தனியாக மெல்லிய ஈயப்பூச்சு ஏற்றி, இரண்டு மி.மீ. உள்ளிடைவெளி விட்டு ஒன்றாக வைத்து, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து, பிறகு சுற்றிவர இழுங்கள். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் தகடு அலை அலையாகச் சுருங்கும். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம்.

ஆறியதும் ஒன்றாம் படியில் சொன்ன குமிழிச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

9. முதல் ஓட்டம்

டெல்டாவின் கடலோரப் பக்கம், நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. சிரிஞ்சில் மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். அண்டாவிலும் உப்புத் தண்ணீர் வேண்டாம், படகு அதைத்தான் உறிஞ்சும்.

ஒரு குழாயில் தண்ணீர் ஏற்றி, அடுத்ததில் குமிழி இல்லாமல் வரும்வரை நிரப்புங்கள். இரண்டு முனையையும் விரலால் மூடியபடி அண்டாவில் இறக்குங்கள். குழாய் முனைகள் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். சுடர் ஒன்றரை சென்டிமீட்டர். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லையென்றால் உள்ளே காற்று இருக்கிறது, மறுபடி நிரப்புங்கள். ஓடிக்கொண்டிருந்து சட்டென்று நின்றால் உடனே விளக்கை எடுங்கள், காரணம் பிறகு பார்க்கலாம். ஓடுகிறது, சத்தம் மந்தம் என்றால் சுடரைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் தகடு கனம், அல்லது சூடு பட்டு இளகியது. மாற்ற வேண்டியதுதான்.

10. ரசீதும் மற்ற தாள்களும்

ஷிம் வாங்கும்போது துண்டுச்சீட்டானாலும் சரி, ‘பித்தளை, 0.05’ என்று கனத்தை எழுதி வாங்குங்கள். எடை போட்டுப் பார்த்து மாறியிருந்தால் திருப்பிக் கொடுக்க அது ஒன்றுதான் ஆதாரம். பழைய படகை ஆன்லைனில் வாங்குவதானால் தண்ணீரில் ஓடும் வீடியோவைச் சத்தத்தோடு கேளுங்கள், முன்பணம் அதற்குப் பிறகு.

வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைத்தால்: 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையில்லாத பார்சல் சுங்கத்தில் நின்றுவிடலாம். பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது. ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பச் சொல்லும் பழைய தந்திரமும் செல்லாது, அந்த வரிச்சலுகை 2019 டிசம்பரில் போய்விட்டது. கூரியர் நிறுவனம் அடையாளச் சான்றும் கேட்கும். பத்து ரூபாய் ஏரியல் குழாய் கிடைக்கும் ஊரில் இந்த வம்பு எதற்கு?

கை பழகி நாலு படகு செய்து விற்கலாம் என்று தோன்றினால் அதே முத்திரை விதி உங்களுக்கும் பொருந்தும். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவு அட்டைக்கு முதலில் விண்ணப்பியுங்கள், கடை போடுவது அப்புறம். தபாலில் அனுப்பும்போது விளக்குத் தொட்டியைத் துடைத்து, எண்ணெய் இல்லாமல் அனுப்புங்கள்.

செலவு: பேருந்துக் காசும் அயர்னும் நீங்கலாக ஐந்நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டும். தாண்டினால் எங்கேயோ ஒரு முழுச் சுருள் வாங்கிவிட்டீர்கள்.

ஓட்டி முடித்ததும் சிரிஞ்சால் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றி, குழாய் முனை கீழே பார்க்க ஒரு ராத்திரி ஆணியில் தொங்கவிடுங்கள். காய்ந்தபின் தகரத்தின் மேல் துணியில் தொட்ட தேங்காய் எண்ணெய் பூசி, காகிதத்தில் சுற்றி வையுங்கள். பாலித்தீன் பை வேண்டாம், உள்ளே வியர்க்கும். மேல்தகட்டின்மேல் மட்டும் எந்தப் பாரமும் வைக்காதீர்கள்.